பாக்கி வைத்தவன் முகம்

"உன் உடம்புக்குள் ஒரு படை இருக்கிறது"
என்றார் விளக்க வந்த மருத்துவர்.
கத்துங்கு சிரித்தாள்.
புட்டெம்போவில் படை என்றால் என்ன என்று
அவளுக்குத் தெரியும்:
கோழியைத் தூக்கிப்போகும், கூரையில் தீ வைக்கும்,
காப்பாற்றியது நாங்கள்தான் என்று
மறுநாள் வானொலியில் சொல்லும்.

பிறகு யோசித்தாள். அதுவும் சரிதான்.
எபோலா வாரத்தில் அவளை எரித்தது
பாதி கிருமி,
பாதி அவளுடைய ஆட்களேதான்.

ஆனாலும் அவளுக்குப் பிடிபட்டது சந்தைதான்.

முதலில் சந்தை நாய்கள்.
யாரென்று கேட்காது, கடிக்கும்;
கடித்ததை விழுங்கி அங்கேயே செத்துக்கிடக்கும்.
அப்புறம் கொல்லர் வரிசை.
எவன் வருவான் என்று தெரியாமலே
ஆளுக்கொரு வளைவில் கொக்கி அடித்து வைத்து
வருடக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள்.
லட்சம் கொக்கியில் ஏதோ ஒன்று மாட்டும்.
மாட்டிய அன்றைக்கு அந்தப் பட்டறையில்
இரவு பகல் இல்லை,
அதே கொக்கி, அதே கொக்கி, அதே கொக்கி.

நாள் பிடிக்கிற வேலை.
அவளுக்குப் பதினோராம் நாள் மாட்டியது.
பலுக்குவை
ஒன்பதாம் நாளே பைக்குள் வைத்து மூடிவிட்டார்கள்.
ஒரே பாய். ஒரே குவளை.

இப்போது அவள் மடியில் மும்பெரே,
ஆறு மாதம், யாருடைய பிள்ளையோ.
தாய் பிளாஸ்டிக் சுவருக்கு அந்தப் பக்கம்.
மஞ்சள் கவசக்காரர்கள் ஒரு மணி நேரம் தாங்குவார்கள்,
கண்ணாடிக்குள் வியர்வை குளம் கட்டும்,
அவர்களைக் கண்டால் பிள்ளை வீரிடும்.
கத்துங்கு முகத்தோடு வரலாம்.
விடியும்வரை இருக்கலாம்.

இருபத்தோரு நாள் எண்ண வேண்டும்.
இன்று பதினான்கு.
தோளில் கக்குகிறான்.
விளக்கடியில் பிடித்துப் பார்க்கிறாள்:
பால்தான்.

சந்தையில் அவள் கையிலிருந்து
யாரும் சில்லறை வாங்குவதில்லை.
நோட்டை லீக்ஸ் கட்டின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள்.
அதே கைதான் இது,
இங்கே இதைத்தான் தேடி அழைத்து வந்தார்கள்.

உருளைக்கிழங்கு வாங்கிப் பாக்கி வைத்துப்போன ஒருவனையும்
அவள் மறந்ததில்லை,
தொப்பி மாற்றி வந்தாலும், மீசை எடுத்து வந்தாலும்.
அப்படி ஒருத்தி
எலும்புக்குள்ளே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.
கணக்கு எழுதுவதில்லை. தூங்குவதுமில்லை.
இரண்டாம் முறை அவன் வாசலில் தலைகாட்டினால்
பதினொரு நாள் ஆகாது,
பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பிடித்துவிடுவாள்.

அந்த ஒருத்தியை
இந்தப் பிள்ளைக்குக் கடன் கொடுக்க முடியவில்லை.
தோலோடு தோல் எவ்வளவு சேர்த்து வைத்தாலும்
அவள் இறங்கிப் போகமாட்டாள்.
கொடுக்க முடிந்தது கைதான்.

நெற்றியில் வெப்பமானி காட்டுகிறாள்.
முப்பத்தாறு புள்ளி எட்டு.
நோட்டில் எழுதச் சொல்லி எண்ணை உரக்கச் சொல்கிறாள்,
சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி.