இறக்கத்தில் ஏறுவது

கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் மெஷின் இரவு ஒன்றரைக்கே உறுமத் தொடங்கும்.
மூட்டைக்கு ஐம்பது கிலோ, நாற்பது மூட்டை.
நீர் சொட்டச் சொட்ட இரண்டு டன்
விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இருக்க வேண்டும்.

பதினேழு வருஷம் டீசல் வண்டி ஓட்டினேன்.
இறக்கம் முழுக்க
இரண்டாம் கியரில் எஞ்சினை இழுத்துப் பிடித்து
பிரேக்கைத் தேய்த்துத் தேய்த்து
பர்லியாறில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால்
புஸ்ஸென்று கிளம்பும் ஆவி.
இரண்டு டன்னை ஆறாயிரம் அடி இறக்கியதற்கு
மிஞ்சியது அந்த ஆவிதான்.

திரும்பி ஏறும்போது காலி வண்டி.
காலியாக ஏறவும் பத்துப் பன்னிரண்டு லிட்டர் குடிக்கும்.
அந்த லிட்டரின் ஊரை நான் பார்த்ததில்லை.
வரைபடத்தில் விரல் வைக்கத் தெரியாத ஏதோ ஒரு ஜலசந்தியில்
யாரோ கப்பலை மறித்தார்களாம்;
மேட்டுப்பாளையம் பங்கில் எண் மாறியது.
கேரட் விலை அப்படியே கிடந்தது.
முதலாளி பெள்ளி என் படியில் கழித்தார்.
பாவம், அவர் யாரிடம் கழிப்பார்?

போன தையில் பேட்டரி வண்டி வாங்கினார்.
பொம்மை என்று சிரித்தேன்.
டேங்க் நிரப்பாமல் மலை இறங்கிப் பழக்கமில்லை எனக்கு.
ராத்திரி முழுக்கச் சொருகி வைத்து
நூறு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

காலை எடுத்தால் தானே பிடிக்கும் என்றார்களே,
காட்டேரி தாண்டியும் பிடிக்கவில்லை.
அதே பழைய பிரேக், அதே தீய்ந்த வாடை.
பர்லியாறில் ஓரங்கட்டி கம்பெனிக்குப் போன் போட்டேன்.
தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண், ஷகிலா என்று பெயர் சொன்னாள்.
“நிறைஞ்ச குடத்துல எங்கண்ணே ஊத்துறது?
மேலேருந்து வரப்ப பாதியாச்சும் காலியா வாங்க.”

மறுநாள் முப்பத்தெட்டில் கிளம்பினேன்.
நெஞ்சு அடித்துக்கொண்டது, ஒப்புக்கொள்கிறேன்.
முதல் கொண்டை ஊசியில் காலை எடுத்தேன்.
பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.
முப்பத்தொன்பது.
வளைவுப் பலகை பனியில் பாதிதான் தெரிந்தது.
நாற்பத்து மூன்று.
கல்லாறு வந்ததும் பாக்குப் பூ மணம்.
பதினேழு வருஷமாக இந்த வழியில்தான் வருகிறேன்,
பாக்கு பூக்கும் என்பதே மூக்குக்கு இன்றுதான் தெரியும்.

மண்டியில் ஐம்பத்தைந்து.
மூட்டை தூக்க வந்த யாசின் எட்டிப் பார்த்து
“எங்க சார்ஜ் போட்டீங்க?” என்றான்.
“நீ இப்ப தூக்குறியே, அதுலதான்.”
நம்பாமல் அடுத்த மூட்டைக்குப் போனான்.

போட்டதெல்லாம் திரும்பி வரும் என்று பொய் சொல்ல மாட்டேன்.
காலியாக ஏறிப் பாலாடா சேர்ந்தபோது இருபத்தாறு.
பன்னிரண்டு துண்டு விழுகிறது.
அதைக் குந்தாத் தண்ணீர் தருகிறது என்கிறார் லைன்மேன்.
அந்தத் தண்ணீருக்கும் கேரட் பிழைப்புதான்,
விழுந்துதான் சம்பாதிக்கிறது.
அணை வற்றினால் எங்கோ கரி எரியும் என்பதையும் அவரே சொன்னார்.
பேட்டரிக்குள் இருக்கிற உலோகமும் கப்பலில் வந்ததுதான்.
தெரியும்.
அது ஒருதரம் வந்து உட்கார்ந்துகொண்டது.
டீசல் தினமும் வந்தது, தினமும் போனது,
சாலையோரத் தேயிலையில் கறுப்பாய்.

ராத்திரி பெள்ளி வந்து நிற்பார்,
“இன்னுங் கொஞ்சம் ஏறட்டுமே.”
நானே பிடுங்கிவிடுவேன்.
தவணை இன்னும் நாற்பத்தொரு மாதம் பாக்கி,
அவர் பயம் அவருக்கு.

இன்று பர்லியாறில் ஒரு பழைய லாரி
ஆவி பறக்க நின்றிருந்தது.
டிரைவர் குடத்தோடு குனிந்திருந்தான், முகம் தெரியவில்லை.
மண்டிக்கு நேரமாகிவிட்டது,
கையை மட்டும் காட்டிவிட்டு வந்தேன்.
ஐம்பத்தொன்று.