விரலுக்கு லீவு

பெர்கனில் மழை விடாத வாரம்.
இடைவேளையில் சுன்னிவா
கட்டைவிரலை மடக்கி
முன்கையில் படுக்க வைப்பாள்.
"இன்னொரு தடவை!" கத்தும் வகுப்பு.
நானும் கைதட்டியிருக்கிறேன்.

அவள் நோட்டில் சிவப்பு மையில்
'அக்கறை போதாது' என்று எழுதியதும்
இதே கைதான்.

நவம்பரில் அவள் அப்பா வந்தார்,
மீன்பண்ணையிலிருந்து நேராக, ஈரக் கோட்டோடு.
இரவு இரண்டு மணிக்கு
அவள் முழங்காலைத் தேய்த்துவிடுவதைச் சொன்னார்.
"வளர்கிற வலி என்றுதான் நாங்களும் நினைத்தோம்.
கீல் தளர்ந்த கதவை
யாராவது பிடித்துக்கொண்டே நிற்கணும் இல்லையா?
அவளுக்குத் தசைதான் நிற்கிறது, நாள் முழுக்க,
சும்மா உட்கார்ந்திருக்கும்போதும்."

சும்மா உட்கார் என்று
எத்தனை முறை அதட்டியிருப்பேன்.

இப்போது தடித்த பென்சில்.
தொங்கும் பாதங்களுக்கு அடியில்
அவர் கழுவிக் கொண்டுவந்த மீன்பெட்டி;
வெயில் நாளில் கொஞ்சம் நாறும்,
பெர்கனில் அது அபூர்வம்.
அரைப் பக்கம் அவள் எழுதுவாள்.
மீதியை அவள் சொல்லச் சொல்ல
நான் எழுதுகிறேன்,
என் எழுத்துதான் கோணல் என்கிறாள்.

நேற்று ஆஸ்லாக் கேட்டான்,
விரலைக் காட்டேன் என்று.
"இன்னிக்கு விரலுக்கு லீவு" என்றாள்,
என் பக்கம் திரும்பாமலே.