சிவக்காத தோல்

புக்குருவில் ஹர்மட்டான் காற்று இறங்கிய மூன்றாம் வாரம்.
ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் சகாராவின் மாவு.
வெளிநோயாளர் வரிசையில் நாற்பத்தோராவது சீட்டு:
டாவோ க்யாங், மூன்று வயது.
கைகளுக்குக் காலுறை மாட்டியிருந்தது.

"படர்தாமரை" என்றாள் கானெங்.
மருந்துக்கடைக்காரன் சொன்ன பெயர்.
அவன் கொடுத்த ட்யூப்பில் மூன்று மருந்துகள்
ஒன்றோடொன்று சண்டையில் இருந்தன.
அதற்கு முன் கறுப்பு சோப்பு. அதற்கும் முன்
முட்டையை நிறுத்தினாள், பிறகு நிலக்கடலையை,
பிறகு மீனை.
பிள்ளை மெலிந்தது, அரிப்பு கொழுத்தது.

நான் படித்த புத்தகத்தில் இந்த நோய் சிவப்பு.
பக்கத்துக்குப் பக்கம் வெளுத்த கன்னங்கள்,
அவற்றில் தக்காளி நிறத் தடிப்பு.
டாவோவின் முழங்கால் மடிப்பில் சிவப்பைத் தேடினால்
மாலை வரை தேடலாம்.
அங்கே இருந்தது சாம்பல்.
ஓரத்தில் நாவற்பழக் கறை.

கண்ணை மூடிக்கொண்டேன்.
விரல்நுனிக்கு நிறம் தெரியாது.
சூடு தெரிந்தது. உப்புத்தாளின் சொரசொரப்பு தெரிந்தது.
வட்டமில்லை, விளிம்பு எழும்பவில்லை,
வலக்காலில் உள்ளதே இடக்காலிலும்.
"இரவில்?" என்றேன்.
அவள் வாய் திறக்கவில்லை.
என் மேசைத் தாளில் நகத்தை வைத்து
கர்ர் கர்ர் என்று இழுத்துக் காட்டினாள்.
வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

எக்சிமா. ஒட்டாது. உன் அடுப்பின் குற்றமும் இல்லை.
முட்டை தின்று முகம் வீங்கியதுண்டா, வாந்தி?
இல்லையா? அப்படியானால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடு.
உன் சுட்டுவிரலின் கடைசி ரேகையிலிருந்து நுனி வரை
ஒரு கோடு களிம்பு,
உன் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு.
வாஸ்லீனுக்குக் கணக்கே வேண்டாம்.
வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பனியன், சூடு ஆறியதும்,
அதன் மேல் உலர்ந்த பனியன்.

பத்தாம் நாள் கதவைத் தட்டாமல் வந்தாள்.
முழங்கால் மடிப்பில் வெளிறிய திட்டு.
"என் பிள்ளையை வெளுக்க வைத்துவிட்டாய்."
தெருமுனைதோறும் வெளுப்புக் களிம்பு விற்கும் ஊர்,
அவள் கோபத்தைக் குறை சொல்ல முடியவில்லை.
நாலாம் நாளே மருந்தை நிறுத்தியிருந்தாள்.
இது நோய் விட்டுப்போன தடம் என்றேன்.
நிறம் திரும்பி வரும்,
ஆனால் நடந்துதான் வரும், பல மாதம் ஆகும்.
நம்பினாளா, தெரியாது.
ட்யூப்பை மட்டும் பைக்குள் மறுபடி போட்டுக்கொண்டாள்.

ஜனவரிக் கடைசி.
"நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துவிட்டேன், டாக்டர்."
"சொறிந்தானா?"
"இல்லை. சத்தமே இல்லை. அதனால்தான் விழித்தேன்.
மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன்.
மூச்சு வந்தது.
பிறகு எனக்குத்தான் தூங்கத் தெரியவில்லை."

மேசைக்கடியில் டாவோ
என் செருப்பு வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தான்,
காலுறை இல்லாத கைகளால்.