ரெண்டு நிமிஷ வேலை

வால்பராய்சோவில் சமதரை கிடையாது.
கடலைப் பார்த்துச் சரிந்துகொண்டே இருக்கும் ஊர்;
எங்கள் பட்டறையும் அந்தச் சரிவில்தான்.
கை தவறிய நட்டு
தானாகவே துறைமுகத்துக்குக் கிளம்பிவிடும்.

வருகிறவர்கள் எல்லாரும்
ஒரே வாக்கியத்தோடுதான் வருகிறார்கள்:
ரெண்டு நிமிஷ வேலைதான், உலிசெஸ்.

என் மோதிர விரலைப் பாருங்கள்.
அதுவும் ரெண்டு நிமிஷ வேலை.
பேட்டரியில் ஒரு நட்டை இறுக்க வேண்டும், அவ்வளவே.
மைனஸைக் கழற்றச் சோம்பல்.
ஸ்பேனர் ப்ளஸ்ஸில் இருந்தது,
மோதிரம் ஸ்பேனருக்கும் தகரத்துக்கும் நடுவில்.
வெறும் பன்னிரண்டு வோல்ட்,
ரேடியோ பாடுகிற அளவு மின்சாரம்
என்றுதான் நினைத்திருந்தேன்.
பொன் பழுத்தது.
கத்தினேனா, நினைவில்லை.
கறி தீய்ந்த வாடை வந்தது.
யார் வீட்டில் அடுப்பை மறந்தார்கள் என்று
ஒரு கணம், சத்தியமாக, யோசித்தேன்.

ஆஸ்பத்திரியில் மோதிரத்தை அறுத்தார்கள்.
ஃப்ரெசியா பக்கத்தில் கைகட்டி நின்றாள்.
"கழற்றி வை என்று
பத்தொன்பது வருஷம் சொன்னேன்.
பன்னிரண்டு வோல்ட்
ஒரே ஒரு தடவைதான் சொன்னது."

அறுபட்ட பொன் இப்போது ஸ்பேனர் பலகையில்,
பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே,
என்றோ தொலைந்த பதினொன்றின் ஆணியில்.
விரலில் இருப்பது தழும்பு.
வளையமாக, வழுவழுப்பாக.
இதைக் கழற்றி வைக்க வழியில்லை.

நிபால்டோவுக்கு ஃபேன் பெல்ட்.
ஓடுகிற எஞ்சினில்
கிறீச்சிடுவது எது என்று தொட்டுப் பார்த்தான்.
இடது சுட்டுவிரல் நுனி, நகத்தோடு.
அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று
வண்டிக்காரர் இன்னும் கேட்கிறார்.
மதுக்கடையில் இடது கையை விரித்து
நாலரை பீர் என்பான் நிபால்டோ.
கடைக்காரி ஐந்து கொண்டுவந்து
நாலரைக்குக் காசு வாங்குவாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.

ஆகஸ்ட் மழையில்
அந்தப் பச்சை பிக்கப்பைப் பற்றி மட்டும்
நாங்கள் இருவரும் பேசுவதில்லை.
ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி
நிபால்டோ அடியில் படுத்திருந்தான்.
பதினாலு ஸ்பேனர் எடுக்க வெளியே வந்தான்.
என்னிடம் கேட்டிருக்கலாம், நீட்டியிருப்பேன்.
ஏனோ கேட்கவில்லை.
ஈரத் தரையில் சக்கரம் ஒரு விரற்கடை உருண்டது.
இடிச் சத்தம் எதுவும் இல்லை.
களைத்துப்போன ஆள் நாற்காலியில் அமர்வதுபோல்
வண்டி உட்கார்ந்தது,
அவன் மார்பு இருந்த இடத்தில்.
ஆக்சிலின் கீழ் அவன் தொப்பி.

ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றான்.
ரேடியோவை அணைத்தான்.
மழைக்குள் போய் வாந்தியெடுத்தான்.
அன்று சாயங்காலம் வரை
அந்தத் தொப்பியை யாரும் எடுக்கவில்லை.
ரத்தமே வராத காயம்.
எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள்.
பட்டறையில் விரலும் மட்டு.
மறுநாள் நாலு ஸ்டாண்டு வாங்கினோம்.
யூகலிப்டஸ் துண்டுகளைச் செதுக்கி
ஆளுக்கு ரெண்டு முட்டுக்கட்டை செய்துகொண்டோம்.
உலகத்தில் எல்லாரும் திட்டுகிற பொருள்;
அதை நான் தினமும் துடைத்து வைக்கிறேன்.
ஜாக்கி தூக்கும். தாங்காது.
அடியில் போகும் முன்
இடுப்பால் வண்டியை ஒரு இடி இடிப்பேன்.
விழுவதென்றால் இப்போதே விழு,
நான் வெளியே இருக்கும்போதே.

இதோ டாக்ஸிக்காரர் லௌதாரோ,
ஹாரனில் கை எடுக்காமல்.
ரெண்டு நிமிஷ வேலைதானாம்.
சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறேன்.
மைனஸைக் கழற்றுகிறேன்.
கண்ணுக்குப் போடும் கண்ணாடியைத் தேடுகிறேன்,
மேசையில், டிராயரில், நிபால்டோவின் சட்டையில்.
தலைமேல்தான் இருந்திருக்கிறது.
அதற்கே
ரெண்டு நிமிஷம் ஆகிவிட்டது.