இடப்பக்க ஆட்டக்காரர்

நூறு யுவானுக்குள் ஏழு ஜோடி.
மூன்றாம் மாடியில் படிக்கட்டுக்கு அடியில்
ஒரு மேசை, முதுகு உடைந்த நாற்காலி.
இதுதான் என் கடை.
ஷென்ஜெனில் இந்த இடத்துக்கு நான் தரும் வாடகையைச்
சொன்னால் சிரிப்பீர்கள்.

முதன்முதலாக வாங்க வருகிறவர்களுக்கென்றே
ஒரு நோட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

கறுப்பு: வல்லினம் மட்டும்தான் தெரியும் இதற்கு.
அடுத்த தெருக் கல்யாணம்போல் கும் கும்.
வெள்ளி: பாடகி ஒவ்வொரு ‘ஸ’வுக்கும்
கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் தெளிக்கிறாள்.
பச்சை: குரல் அருமை, கிட்டே வந்து நிற்கிறது,
ஆனால் ஒயர் சட்டையில் உரசினால்
மண்டைக்குள் யாரோ பீரோவை இழுக்கிறார்கள்.
ஊதா பரவாயில்லை. அரைமணியில் காது வலிக்கும்.
மஞ்சளும் நீலமும் ஒரே அச்சு, பெட்டிதான் வேறு,
பெட்டிக்குப் பத்து யுவான் கூட.

அடியில் ஒரு குறிப்பு:
எதையும் திட்டுமுன் ரப்பர் முனையை மாற்றிப் பார்.
பாதிக் குறை காதின் அளவில்.

ஏழாவது, பழுப்பு.
*இடது ஆறு டெசிபல் கூட. கழிவு. ஆலைக்குத் திருப்பு.*
சிவப்பில் இரண்டு முறை அடிக்கோடு.

சோதிக்க நான் பாட்டுப் போடுவதில்லை.
பாட்டென்றால் பிடித்தது பிடிக்காதது குறுக்கே வரும்.
லிச்சி பூங்காவில் ஒரு ஞாயிறு காலை
நானே பதிவு செய்த டேபிள் டென்னிஸ், நான்கு நிமிடம்.
வலமிருந்து டொக். இடமிருந்து டக்.
நடுவில் வலை இருக்குமிடத்தில் மௌனம்.
நல்ல ஜோடியில் அந்த வலைகூடக் கேட்கும்.

செவ்வாய் மாலை மாவ் கைஷுன் வந்தார்.
லோங்ஹுவாவில் தகடு அழுத்தும் பட்டறை,
பத்தொன்பது வருடம் ஒரே இயந்திரம்,
அதற்கு இடப்பக்கம் காட்டி நின்ற மனிதர்.
அதை அவர் அப்போது சொல்லவில்லை.
விடுதியில் அறைக்காரர்கள் தூங்கிய பிறகு
ஏதாவது கேட்க வேண்டும் என்றார், அவ்வளவுதான்.
அவர் போனில் ஜாக் இல்லை.
என் மாற்றி ஒயரைக் கொடுத்தேன்.

பச்சையை மாட்டிவிட்டேன், பெருமையோடு.
கண்ணை மூடிக் கேட்டார்.
“ஒரே ஆள்தான் அடிக்கிறான்” என்றார்.
“சுவரோடு ஆடுகிறானா?”
ஊதா. “அதே ஆள்.”
முனை மாற்றினேன், பெரிது, சிறிது, நுரை.
“சுவர்தான்.”
நீலத்தை மஞ்சளின் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
சிரித்தார், தலையசைத்தார், சுவர்.

நேரமாகிறது, ஷட்டர் இறக்கும் சத்தம்
கீழ்மாடியில் தொடங்கிவிட்டது.
எரிச்சலில் கைக்கு அகப்பட்டதை நீட்டினேன்,
அது பழுப்பு என்று
அவர் காதில் போன பிறகுதான் பார்த்தேன்.

அவர் தலை இடப்பக்கம் திரும்பியது.
பிறகு வலம். பிறகு இடம்.
மெதுவாக, பந்து பார்க்கிறவரின் கழுத்து.
“அடேயப்பா, இரண்டு பேர்!
இந்தப் பக்கத்து ஆள் கொஞ்சம் நோஞ்சான்.
ஆனாலும் ஆடுகிறான்.”

நான்கு நிமிடமும் கேட்டார்.
யார் ஜெயித்தது என்று கேட்டார்.
எனக்குத் தெரியாது. நூறு முறை கேட்டிருப்பேன்,
எண்ணிப் பார்த்ததே இல்லை.

இது பழுதான ஜோடி என்றேன்.
ஏன் என்று விளக்கினேன்.
அப்போதுதான் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னார்,
ஊர்ப் பேருந்து நேரம் சொல்வதுபோல்.
காது டாக்டரைப் பாருங்கள் என்றேன்.
பட்டறையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம்.
பழுதென்றால் விலை குறையுமா என்றார்.
எழுபது. அறுபதுக்கு இறங்கினேன்.
மாற்றி ஒயருக்குத் தனியாக எட்டு.

ஷட்டரை இறக்கிவிட்டு நோட்டைத் திறந்தேன்.
ஏழாவது வரியில் ‘கழிவு’ என்பதை அடித்தேன்.
வேறென்ன எழுதுவதென்று தெரியவில்லை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
கறுப்பை மாட்டி
அந்த ஆட்டத்தை முதலிலிருந்து போட்டேன்,
புள்ளிகளை எண்ணுவதற்காக.
பதினொன்றுக்கு ஒன்பது வரை வந்தது.
கும் கும்மில் மீதி கேட்கவில்லை.