யூரியா இருப்பு இல்லை

ஆடி பிறந்து எட்டு நாள்.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்த காற்று
தாராபுரம் தாண்டி மூலனூர் வரும்போது
சங்கத்துக் கதவை ஒரு தடவை அறையும்,
என் பேரேட்டைத் தானே புரட்டும்,
‘யூரியா இருப்பு இல்லை’ என்று
சாக்பீஸில் எழுதித் தொங்கவிட்ட பலகையைத்
திருப்பிப் போடும்.
வெறும் பலகையை நம்பி
வரிசையில் நிற்கிறார்கள்.

பொங்கியண்ணன் மூட்டை கேட்கவில்லை.
மண்ணோடு பிடுங்கிய தட்டப்பயறுச் செடியைக்
கைரேகைக் கருவியின் மேலேயே வைத்தார்.
“வேரெல்லாம் கட்டி கட்டியா இருக்குதுங்க அம்மிணி.
என்ன சீக்குன்னு பாருங்க.
மருந்து எதாச்சும் எழுதிக் குடுங்க.”

நூற்புழு என்றால் வேரே வீங்கிப் புடைக்கும்.
இது பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.
நகத்தால் தட்ட உதிர்ந்தது, கொள்ளு அளவு.
கிள்ளினேன்.
உள்ளே இளஞ்சிவப்பு,
ஆட்டுக்குட்டியின் ஈறு மாதிரி.

காற்றில் ஐந்துக்கு நான்கு பங்கு நைட்ரஜன்.
அவரும் நானும் வரிசையும்
இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறோம்
ஒரு துளி ஒட்டாமல்.
அணுவும் அணுவும் மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு
யாரோடும் சேராமல் அலைகிற சோடி அது.
அவிழ்க்க ஆலைக்காரனுக்கு
உலைச்சூடு வேண்டும், நூறு மடங்கு அழுத்தம் வேண்டும்,
பிறகு கப்பல், லாரி,
கடைசியில் நான்.

இந்தச் சிவப்புக்குள்
கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக் கூட்டம்
மண்ணின் குளிர்ச்சியிலேயே அவிழ்க்கிறது.
செடி சர்க்கரை அளக்கிறது கூலிக்கு.
பிராணவாயு மிஞ்சினால் வேலை கெட்டுவிடும்,
அதனால் அந்தச் சிவப்பே வாசலில் நின்று
எண்ணி எண்ணி உள்ளே விடுகிறது.

மூன்று முடிச்சை அவிழ்க்க
எவ்வளவு செலவு பிடிக்கும் என்று
தாராபுரம் கோர்ட்டுக்கு
இரண்டு வருஷமாய் பஸ் ஏறும் எனக்குத் தெரியும்.

“சீக்கு இல்லீங்க. இதுதான் யூரியா” என்றேன்.
என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
“அப்ப ரசீது?”

எனக்குப் பதில் வரவில்லை.
செடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.
திரும்ப நட்டுவைப்பாரோ, வேலியோரம் எறிவாரோ.

வெளியே காற்றாலைகள்
காற்றின் ஓட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு
காற்றை விட்டுவிடுகின்றன.
என் நகக்கண்ணில் இருந்த சிவப்பு
பழுப்பாகத் தொடங்கியிருந்தது.
எழுந்து போய்ப் பலகையை நேராக்கினேன்.
உட்காருவதற்குள்
மறுபடி திரும்பிக்கொண்டது.