மறுமுத்திரை

வயாதோலித், ஞாயிற்றுச் சந்தை.
பெனீத்தா விரித்த சாக்கின் ஓரத்தில்
துருவேறிய சாவிகளுக்கும்
காம்பு போன கரண்டிக்கும் நடுவே
கிடந்தது.
வட்டம் என்று சொல்ல வாய் வராது.
நாலு யூரோ கேட்டாள்,
மூன்றரைக்குத் தந்தாள்,
ஒரு சாவியையும் தலையில் கட்டினாள்.

நான் குழாய் பொருத்துகிறவன்.
வாரத்தில் ஆறு நாள் செம்புதான் படியளக்கிறது.
ஏழாம் நாளுமா என்கிறாள் திரான்சித்தோ.

நான்கு மாதம் ஆலிவ் எண்ணெயில் ஊறியது.
களிம்பு இழையிழையாய் இறங்கி
புட்டியின் அடியில் பாசி பிடித்தது.
ஒரு மதியம் மைத்துனன்
அதே எண்ணெயைத் தக்காளிமேல் ஊற்றினான்.
நாக்கில் பட்டதும் துப்பிவிட்டான், நல்லவேளை.
முந்நூற்றைம்பது வருஷத்துக் கைகளின் ருசி
அவனுக்கு ஒத்துவரவில்லை.

கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
அடியில் ஒரு கோட்டை, பாதிதான்.
பிறக்கும்போது இரண்டு மரவேதி.
அரண்மனைக்குப் போர்ச்செலவு முட்டியதும்
சம்மட்டிக்குத் திரும்பிப் போய்
கோட்டைமேல் குத்து வாங்கி
ஆறாக வெளியே வந்திருக்கிறது.
ரொட்டிக்காரன் என்ன சொன்னானோ.
எடை மட்டும்
எந்த ஆணைக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

ரோமன் எழுத்தில் அந்த ஆறு.
அதன் வலப்பக்கம் இன்னும் இரண்டு கோடுகள்,
எந்த அரசனும் அடிக்கச் சொல்லாதவை.

முதல் கோடு நேராக நிற்கிறது.
நிதானமாக, மூச்சடக்கிப் போட்டது.
இரண்டாவது வழுக்கி
கோட்டைச் சுவரைக் கீறிக்கொண்டு
விளிம்புவரை ஓடியிருக்கிறது.
கதவு தட்டப்பட்டதோ.
குழந்தை அழுததோ.
உளி மொண்ணையோ.
ஆறை எட்டாக்கினால்
மிச்சம் இரண்டு மரவேதி.
பிடிபட்டால் என்ன தண்டனை என்று
நான் தேடிப் பார்க்கவில்லை.

நாணயச் சங்கத்துக் குமெர்சிந்தோ
விரல் நுனியால் தள்ளிவிட்டார்.
'செல்லாக்காசு.
இதன் அசல் வேண்டுமென்றால் சொல்,
என்னிடம் ஏழு இருக்கிறது.'
அவர் பெட்டியில் பச்சை வெல்வெட்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி.

வெள்ளிக்கிழமை, மூன்றாம் மாடிக் குளியலறை.
உளி வழுக்கி
ஒரு புது ஓட்டின் குறுக்கே போனது.
வீட்டுக்காரி பார்க்கவில்லை.
வெள்ளைச் சிமெண்டை விரலில் தொட்டு
கோட்டை மூடினேன்.
மூடும்போது கை நடுங்கவில்லை,
பிறகு படியிறங்கும்போதுதான்.

அன்றிரவு பதிவேட்டைத் திறந்தேன்.
உலோகம்: செம்பு.
எடை: ஐந்தே கால் கிராம்.
அச்சிட்டவர்: கேள்விக்குறி, அதன்பின் இன்னொன்று.
மதிப்பு என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

எட்டு என்று எழுதினேன்.